பெட்டியில் போட்டிருக்கும் உயரம்

— அடியே, ஓடி வா, இதப் பாரு! இந்த விண்வெளி வீரன் முப்பதரை சென்டிமீட்டர்னு பெட்டியில போட்டிருக்கான். டேப்ப வச்சா முப்பதுதான் வருது!

— இதுக்கா வீடே இடிஞ்ச மாதிரி கத்துனீங்க? என்னமோ ஏதோன்னு அடுப்ப அணைச்சிட்டு ஓடி வரேன். கூடம் முழுக்க நீங்க சேத்து வச்ச பொம்மை. கால் வைக்க இடமில்ல.

— படத்துல இவன் ஆறடி. பொம்மை அதுல ஆறுல ஒரு பங்கு. மூக்கு, தழும்பு, பெல்ட்டுல இருக்கற ஆணிகூட அச்சு அசலா படத்துல பாத்த மாதிரியே பண்ணிருக்கான். உயரத்துல மட்டும் கோட்டை விடுவானா, சொல்லு?

— விட்டுட்டான்னுதானே சொல்றீங்க? அதுக்கு வயிறெரியாம வாயெல்லாம் பல்லா நிக்கிறீங்களே, அதான் புரியல.

— அந்தா நிக்கறானே வில்லன், அவன் மூஞ்சி படத்துல வர்றவனோட ஒட்டவே ஒட்டாது. மட்டமான கம்பெனி. ஆனா உயரம் கரெக்ட்டு. காலையிலேருந்து அத்தன பேரும் கரெக்ட்டா வந்து என் உயிர வாங்கிட்டானுங்க. இவன் ஒருத்தன்தான் குறைஞ்சான், மகராசன்!

— நல்லா இருக்கே கதை! பெத்த பொண்ணு வளரலன்னு நான் கரடியா கத்தறேன், அது காதுல ஏறல. பொம்மை குட்டையாம், ஐயாவுக்குக் கொண்டாட்டம்.

— ஆரம்பிச்சிட்டியா? எட்டு வயசுப் புள்ள. எங்க வம்சமே லேட்டா வளர்ற வம்சம். நான்கூட பத்தாவதுலதான் கிடுகிடுன்னு ஏறினேன்.

— போன வருஷ யூனிஃபார்ம் இந்த வருஷமும் இப்பத்தான் அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. வேற அம்மாவா இருந்தா, அப்பாடா, புதுசு தைக்க வேணாம்னு இருப்பா. நான் அவளக் கூட்டிட்டு டாக்டர்கிட்ட ஓடினேன். ரத்தம் எடுத்துப் பாக்கணும், தள்ளிப் போடாதீங்கன்னு டாக்டரம்மா தலப்பாடா அடிச்சிக்கிட்டாங்க. நாளைக்கு, நாளைக்குன்னு நீங்கதான் இழுத்தடிக்கிறீங்க.

— போலாம்டி. இத மட்டும் இன்னொரு தடவ...

— கொண்டாங்க இப்படி. அட, முழங்கால் மடிஞ்சிருக்கே! நீங்க அளந்த லட்சணம் இதானா? இந்தாங்க, நிமித்திட்டேன். இப்ப டேப்ப வைங்க.

— வேணாம்.

— குடுங்க, நானே வைக்கிறேன். பாத்தீங்களா, முப்பதரை! அநியாயமா கம்பெனிக்காரன் மேல பழி போட்டீங்களே. என்ன, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி ஆயிடுச்சு? ஏங்க... அழறீங்களா? ஒரு பொம்மைக்கா?

— காலையில நீ குளிக்கப் போனப்ப பாப்பா தூங்கிட்டிருந்தா. மெதுவா கால நீட்டிவிட்டு, உச்சந்தலையிலேருந்து குதிகால் வரைக்கும் அளந்தேன். போன வருஷம் ஸ்கூல்ல சொன்ன அதே உயரம். ஒரு நூல்கூட ஏறல.

— ஐயோ, என்னங்க சொல்றீங்க?

— பழைய துணி டேப்பு. இழுத்து இழுத்து நீண்டு போயிருந்தா அளவக் குறைச்சுத்தான் காட்டும்னு நெனச்சேன். இந்த வீட்டுல உயரத்த அச்சடிச்சுக் குடுத்தது இந்தப் பொம்மைங்களுக்கு மட்டும்தான். ஒருத்தனாவது குறைஞ்சு வரமாட்டானான்னு ஒவ்வொண்ணா அளந்து பாத்தேன். டேப்புல ஒரு குத்தமும் இல்லடி.