இழுப்பு என்றுதான் சொன்னேன்

"நீங்க ஊதுற புகையை நான் எதுக்கு மிஸ்டர் ரெங்கசாமி விழுங்கணும்? வெளிய போய் ஊதுங்க."

"வெளிய நின்னு ஊத நான் என்ன வாட்ச்மேனா? ஏர்கோன் போட்ட ஆபீஸ் லா இது. புடிக்கலைன்னா நீ போய் காத்து வாங்கிட்டு வா."

"ஏர்கோன் போட்டிருக்கிறதாலதானே சொல்றேன். சன்னல்கூட தொறக்க முடியல."

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் வேலை பார்த்த இன்சூரன்ஸ் ஆபீசில் காலைத் தேநீருக்குப் பிறகு இந்தக் கச்சேரி வழக்கமாக நடக்கும். எண்பதுகளின் கடைசி. ரெங்கசாமி ஒரு சிகரெட்டின் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைப்பவர். குணபூசணி கணக்குப் பிரிவு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஸ்டேஷன் மாஸ்டர் மகள், மூச்சிரைப்புக்காரி. நான் தங்கமணி, அவளுக்கு எதிர் மேசை. பொதுவாக அடுத்தவர் விஷயத்தில் நான் தலையிடுவதில்லை. காதில் விழுந்தால் கேட்பேன், அவ்வளவுதான்.

முன்பு டெலிபோன் போர்டு என்னிடம் இருந்தது. லைன் கொடுத்த கையோடு ஹெட்செட்டைக் கழற்றி மாட்டினால் காது வலிக்கும், அதனால் கழற்றுவதில்லை. குணபூசணிக்குக் கிள்ளானில் சிவகுருநாதன் என்றொரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அவர் போனில் அவளுக்குப் பாட்டுப் பாடினார். சுருதி சேரவில்லை. இதை நாங்கள் இருவரும் குடியிருந்த தெருவில் இரண்டு பேரிடம் சொன்னேன், சுருதி விஷயத்தையும் சேர்த்து. அதற்குப் போய் அவள் மேனேஜர் மிஸ்டர் வோங்கிடம், ஆபீசே நிமிர்ந்து பார்க்க, "இவங்க ஒட்டுக் கேக்கறாங்க, சார்" என்றாள். என்னை அவள் மேசைக்கு எதிரே இருந்த போட்டோஸ்டாட் மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க எதிரே உட்கார்ந்திருந்தாளா, அதனால் மறக்கவும் வாய்க்கவில்லை.

அன்றைய சண்டை முடிந்ததும் அவள் நேரே வோங்கின் அறைக்குப் போனாள். ஆபீசுக்குள் யாரும் புகைக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்றாள். புது வருஷத்திலிருந்து போட்டுப் பார்க்கலாம் என்று அவரும் சொல்லிவிட்டார். ரெங்கசாமி இடிந்துபோனார். மத்தியானம் கீழே காப்பிக் கடையில் சிகரெட் இறக்குகிற லோரிக்காரரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "அப்படியா அக்கா, எந்த ஆபீஸ்?" என்று அவர் அக்கறையாகக் கேட்டார்.

அடுத்த வாரமே வாசு வந்தார். புகையிலைக் கம்பெனி அனுப்பிய ஆள். மடிப்புக் கலையாத சட்டை, கையில் முனகுகிற ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை மேசை மேசையாக வைத்துக் காற்றை அளந்தார். "புகையில ஒண்ணும் இல்ல சார், உங்க ஏர்கோன் குழாய்தான் அழுக்கு" என்று வோங்கிடம் சொன்னார். எங்கள் எல்லோருக்கும் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். 'ஒருவரையொருவர் மதிப்போம்' என்று எழுதிய பளபளப்பான ஆஷ்ட்ரேக்களை மேசைக்கு ஒன்றாக வைத்தார். குணபூசணி தன்னுடையதைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். வோங்குக்குத்தான் மனம் சமாதானமாகவில்லை. அவள் இரைப்பதைத் தினம் கேட்கிறவர் ஆயிற்றே.

வாசு என்னைத் தேடி போட்டோஸ்டாட் பக்கம் வந்தார்.

"அக்கா, நீங்கதான் இந்த ஆபீசுக்கு ரேடியோவாமே."

"எந்தப் பாவி சொன்னது?"

"எல்லாருந்தான். அந்த மிஸ்ஸுக்கு வேற ஏதாச்சும் நோய் உண்டா? அவங்க உடம்புதான் காரணம்னா, புகை மேல பழி போட முடியாது பாருங்க."

அவளுக்கிருந்த மூச்சிரைப்பை அவள் வீட்டில் முட்டு என்பார்கள். எங்கள் ஆட்கள் மூச்சிரைப்பையும் இழுப்பு என்போம். கைகால் வெட்டி நுரை தள்ளுகிறதே, அதையும் இழுப்பு என்போம்.

"இழுப்பு இருக்கு" என்றேன்.

"எந்த இழுப்பு? வலிப்பா?"

"நான் என்ன டாக்டரா லா, தம்பி? இழுப்புன்னா இழுப்பு."

அவர் சிரித்தார். வோங்கிடம் இங்கிலீஷில் எப்படிச் சொன்னாரோ, கட்டுப்பாடு பற்றிய பேச்சு அதோடு நின்றது. மற்றவர்களிடமும் நான் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னேன். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்தினேன், உச்சுக் கொட்டினேன். கிள்ளான் வரைக்கும் அது போய், கல்யாணத் தேதி தள்ளிப்போனது. ஏனென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட வியாதியை முகத்துக்கு நேரே யார் கேட்பார்கள்?

அவள் விழுந்த அன்று நல்ல மழை. வெளியே போகிறவர்கள்கூட உள்ளேயே பற்றவைத்தார்கள். எதிர் மேசை எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. முதலில் அவள் மேசை விளிம்பைப் பிடித்தாள். பிறகு நாற்காலியோடு சாய்ந்தாள். உதடு நீலம் பூத்துவிட்டது. ஓடி வந்தவர் ரெங்கசாமிதான், நல்ல மனுஷர்.

"இழுப்பு வந்திருச்சு. மல்லாக்கப் படுக்க வைங்க, காலைப் பிடிங்க. யாராச்சும் இரும்பு குடுங்க, இரும்பு."

ஸ்டோர் சாவிக்கொத்து என்னிடம் இருந்தது. நான் கொடுத்தேன். கொடுத்தேன் என்றால், அவள் வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி, என் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை தன் கைப்பையை நோக்கி இழுத்துக்கொண்டே இருந்தது. பையின் பக்கவாட்டு ஜிப்பில் அவளுடைய பம்பு இருந்தது, வாயில் வைத்து அடித்துக்கொள்கிற மருந்து. தினம் எதிரே உட்கார்ந்து பார்க்கிறவள், எனக்குத் தெரியாதா? யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பேச மூச்சில்லை. கை தளர்ந்த பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆஸ்துமா என்று சொன்னார்கள். "நாம வலிப்புன்னு நெனைச்சிட்டோமே, அக்கா" என்று ரெங்கசாமி என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன். வாசு மலர்வளையத்தோடு வந்தார். எந்த நோயானால் என்ன, உடம்புக்குள்ளேயே இருந்த நோய்தானே என்று வோங்குக்கு ஆறுதல் சொன்னார். ஆஷ்ட்ரேக்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

சிவகுருநாதன் மறு வருஷமே அம்பாங்கில் ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டார். ரெங்கசாமி சிகரெட்டையும் வேலையையும் ஒன்றாக விட்டுவிட்டு ஜெஞ்சாரோமில் மாமனார் வீட்டோடு போய்விட்டார். குணபூசணியின் அம்மா புனிதவதியை மகன் ரவாங்குக்குக் கூட்டிப்போனார். சாமான் ஏற்றிய லோரி தெருவில் நிற்க, அந்த அம்மா என் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ள வந்தார்.

"தங்கமணி, என்ர பிள்ளை தனியப் போகேல்ல எண்டுதான் எனக்கு ஆறுதல். கடைசி மட்டும் அவளின்ர கையை நீதான் பிடிச்சுக்கொண்டிருந்தனியாம்."

"விடவே இல்ல, ஆன்டி" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.