நூற்றுக்கு இரண்டு

ஆய்வகத்தில் காலையில் காப்பி போடுவது நான்தான். மற்றவர்கள் போட்டால் தண்ணீராக இருக்கும்.

இருபத்தாறு ஆண்டுகளாக என் வேலை விந்தணுக்களின் வடிவம் பார்ப்பது. ஒரு துளியில் சாயமேற்றி எண்ணுவேன். தலை முட்டை வடிவில், வால் ஒன்றாக, நேராக இருக்க வேண்டும். நூற்றுக்கு நான்கு தேறினால் போதும். யெப்பேவுக்கு இரண்டு.

டென்மார்க்கில், எங்கள் எஸ்பியர் துறைமுகத்தில் படகு பழுதுபார்ப்பவன் அவன். "என் பசங்க எப்படி, குன்வோர்? நீந்துறாங்களா, குடிச்சிட்டுக் கிடக்கறாங்களா?" என்பான்.

"உன்னை மாதிரின்னா கரையிலதான் உக்காந்திருப்பாங்க" என்பாள் அவன் மனைவி சிக்னே.

அரசு செலவில் மூன்று முறைதான் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை. இரண்டு தோற்றுவிட்டன. இரண்டாவது முறைக்குப் பிறகு சிக்னே தாழ்வாரத்தில் சத்தமில்லாமல் அழுததைப் பார்த்தேன். மூன்றாவது முறை, சரிபார்க்க வேண்டிய சக ஊழியர் சாப்பிடப் போயிருந்தார். யெப்பேவுடையதைக் கழிவில் ஊற்றினேன். உறைபெட்டியில் கொடையாளர் ஒருவருடையது மிச்சமிருந்தது. நல்ல வடிவம்.

ஆல்மா பிறந்தாள். கேக் கொண்டுவந்தார்கள். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

அதன்பின் இன்னும் ஏழு தம்பதிகளுக்குச் செய்தேன்.

ஆல்மாவுக்கு நான்கு வயதானபோது மூவரும் வந்தார்கள். சிக்னேவுக்கு ஆறு மாதம். "மருந்துமில்ல, ஊசியுமில்ல. தானாவே நின்னுது" என்றாள். யெப்பே மகளின் கையில் பென்சிலைக் கொடுத்து, "பாருங்க, என்னை மாதிரியே இடக்கை" என்றான். நான் பார்த்தேன். நன்றாக வரைந்தாள்.

வடிவத்தை மட்டும் வைத்து சிகிச்சை பலிக்குமா என்று சொல்ல முடியாது என்ற ஆய்வுகளை அதற்கு முன்பே படித்திருந்தேன். படித்து, இழுப்பறையில் வைத்திருந்தேன். அந்த மூன்றாவது முறை அவன் குழந்தையை அவனே கொடுத்திருக்கக்கூடும். அதை நான் கழிவில் ஊற்றியிருந்தேன். அவர்கள் வந்துபோன நாளிலிருந்து சரியாகத் தூங்கியதில்லை. அதனால்தான் வாக்குமூலம் கொடுக்க நானாகக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தேன்.

ஆனால் உடனே வரவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு முறை செய்தேன்.

அவர்களுக்கு இரக்கப்பட்டுச் செய்ததாக எழுதிக்கொண்டீர்கள். நான்தான் அப்படிச் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். கடைசி இருவருக்கும் நூற்றுக்கு ஆறு இருந்தது. வடிவத்தில் எந்தக் குறையுமில்லை. அந்த ஆண்களை எனக்குப் பிடிக்கவில்லை.