யார் முறை

பேய் என்றதும் எல்லோரும் ஜன்னலைப் பார்க்கிறீர்கள். வேண்டாம். இது நடந்தது பட்டப்பகலில்... மத்தியானம் இரண்டரை மணிக்கு. மூடிப்போன கல்குவாரிக்குப் போகிற சாலை. ஈ காக்கை கிடையாது. வெயிலும் வெள்ளைத் தூசியும்தான். அந்தச் சாலையில் ஒருத்தர் பைக்கை மெதுவாக ஓட்டிக்கொண்டு, ஒரு வீட்டைத் தேடிப் போகிறார். என்னோடு வேலை பார்க்கிற தோழியின் பெரியப்பா.

பழைய ஃபிலிம் கேமரா வாங்கி விற்பது அவர் தொழில். மேலே பொறித்திருக்கிற நம்பரைப் பார்த்த மாத்திரத்தில், அது பிறந்த வருஷத்தைப் புட்டுப் புட்டு வைத்துவிடுவார். தன் கல்யாண நாள் மட்டும் வருஷா வருஷம் மறந்துபோகும். பெரியம்மா அதற்கென்றே ஒரு நாள் பேசாமல் இருப்பாள்.

கடை அவருக்கும் அவர் சகலைக்கும் பொது. சகலை என்றால் பெரியம்மாவின் தங்கை வீட்டுக்காரர், தோழிக்குச் சித்தப்பா. கேமரா வாங்கப் போவதில் இருவருக்கும் முறை உண்டு. ஒரு தடவை இவர், மறு தடவை அவர். வாங்கி வந்ததும் அடித்தகட்டைக் கழற்றி, அதன் உள்பக்கம் ஊசியால் மாதமும் வருஷமும் கீறுவார்கள். பக்கத்தில், போனது யார் முறை என்று ஓர் அடையாளம். பெரியப்பாவுக்கு வட்டம். சித்தப்பாவுக்குக் கொக்கி. இது கடைக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சித்தப்பா ஒரு கேமரா பார்க்கப் போனார். திரும்பவில்லை. இதே குவாரிச் சாலையில் பைக் மட்டும் நின்றது. ஸ்டாண்டு போட்டு... சாவியோடு.

"நான் போக வேண்டாம்னுதான் சொன்னேன். அவன் கேக்கல" என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சித்தி அதை நம்பினாள். யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார் என்ற அந்த ஒரு ஆறுதலில்தான் ஆறு வருஷம் காத்திருந்தாள். கடையில் புருஷனின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். முறையும் அவளுக்கு வந்தது. அடையாளம் புள்ளி.

அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத பெரியப்பா ஏன் போனார்? காலையில் ஃபோன். "கேமரா ஒண்ணு இருக்கு. வந்து பாருங்க." அந்தக் குரல் நம்பரைப் படித்தது. அந்த மாடல் வெளிவந்த முதல் வருஷத்து நம்பர்! மனுஷனுக்குக் கை பரபரத்துவிட்டது. அன்று அவர் முறையும்கூட; அடுத்தது சித்தி முறை.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளிருந்து வினிகர் நெடி... பழைய ஃபிலிம் கெட்டுப்போனால் வருமே, அது. எங்கோ ஒரு கேமராவின் டைமர் ஓடுகிற சத்தம். சர்ர்ர்ர்... டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி... சர்ர்ர்ர்... டக்.

ஒரு கை கேமராவை நீட்டியது. முகம் தெரியவில்லை. என்ன விலை என்று கேட்டார்.

"அப்புறம் வாங்கிக்கிறேன்" என்றது குரல். கதவு மூடிவிட்டது.

நாலு மணிக்குக் கடைக்கு வந்து, நடந்ததைச் சித்தியிடம் சொல்லிக்கொண்டே அடித்தகட்டைக் கழற்றினார். சித்தி ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேச்சு பாதியில் நின்றது.

"என்ன மாமா, எந்த வருஷத்துக் கேமரா?"

வருஷம் கேட்டால் தூக்கத்தில்கூடப் பதில் சொல்கிற மனுஷன். தகட்டை மெதுவாகத் துணிக்கு அடியில் தள்ளினார். சித்தி கையை நீட்டி இழுத்துக்கொண்டாள்.

ஏழு வரி. எல்லாமே இதே மாதம். முதல் வரியில் சித்தப்பா காணாமல்போன வருஷம். அடுத்த வரியில் அதற்கடுத்த வருஷம். அப்படியே இறங்கி... கடைசி வரியில் இந்த வருஷம். கடைசி வரி அவ்வளவு புதுசு, கீறலில் பித்தளைத் தூள்கூட இன்னும் உதிரவில்லை. எண்கள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. சித்தப்பா இடது கைக்காரர். அந்தச் சாய்வைச் சித்திக்குத் தெரியாதா?

"உயிரோட இருக்காரு மாமா! இங்க பாருங்க, இது அவரு எழுத்து! அவரு..."

அப்போதுதான் பக்கத்து அடையாளத்தைப் பார்த்தாள். ஏழு வரியிலும் கொக்கி இல்லை. வட்டம்... வட்டம்... வட்டம்.

"அன்னிக்கு யார் முறை?"

பெரியப்பா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "என் முறைதான்மா... வெயில் கொளுத்துச்சு. வயித்து வலின்னு பொய் சொல்லி அவன அனுப்பிட்டேன். இந்தப் பெஞ்சுலதான் படுத்துத் தூங்கினேன்."

சித்தி அழவில்லை. திட்டவும் இல்லை. லென்ஸைத் துடைத்து முடித்தாள். மூடி போட்டாள். அவ்வளவு நிதானம் வந்ததுதான் தனக்கே பயமாக இருந்தது என்று பின்னால் தோழியிடம் சொல்லியிருக்கிறாள்.

"நாளைக்கு ரெண்டரைக்குப் போங்க மாமா. போய் அவரக் கூட்டிட்டு வாங்க."

"நீயும் வாம்மா..."

"உங்க முறை."

போனார்.

இருட்டியபோது பைக்கைக் கண்டுபிடித்தார்கள். ஸ்டாண்டு போட்டு, சாவியோடு. பெரியம்மா செருப்புகூடப் போடாமல் கடைக்கு ஓடிவந்து தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உங்கிட்ட என்னடி சொல்லிட்டுப் போனாரு? எதுக்குடி அங்க போனாரு?"

சித்தி யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"நான் போக வேண்டாம்னுதான் சொன்னேன்க்கா. அவரு கேக்கல."

சொல்லி முடித்த பிறகுதான், அது யாருடைய வாக்கியம் என்று அவளுக்கு உறைத்தது. அக்காவைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். கடைக்குள் தனியாகத் திரும்பி வந்தாள்.

சர்ர்ர்ர்... டக்.

கேமரா மேஜை டிராயரில் இருந்தது. முந்தின நாள் அவளே பூட்டியது. சாவி இரண்டு நாளாக அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. திறந்தாள். வினிகர் நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. திருகாணிகளைக் கழற்றினாள்.

எட்டாவதாக ஒரு வரி. இந்த மாதம், இந்த வருஷம். எண்கள் சாயவில்லை. அச்சடித்த மாதிரி நேராக இருந்தன... பெரியப்பாவின் எழுத்து. தொட்டுப் பார்த்தாள். பித்தளைத் தூள் விரலில் ஒட்டியது. பக்கத்தில் வட்டம் இல்லை. கொக்கி இல்லை.

ஒரே ஒரு புள்ளி.