மூணு பேர் பார்த்த காசு

— கண்ணைத் திறக்காதே. கையை மட்டும் நீட்டு.

— வண்டி கத்துக்க வர்றவங்ககிட்டயும் இப்படித்தான் சொல்வீங்களா? கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுன்னு?

— ஞாயித்துக்கிழமை டிரைவிங் ஸ்கூலை இழுக்காதே. ம்… என்னன்னு சொல்லு பார்ப்போம். பேங்க்ல நோட்டு எண்ணறதுல உனக்கு ‘மெஷின்’னுதானே பேரு.

— பேரு இருந்துச்சு. போன வாரத்துலேர்ந்து யாரும் அப்படிக் கூப்பிடறதில்ல.

— சரி சரி, கியரை மாத்து. கையில என்ன இருக்குன்னு சொல்லு.

— காசு. சின்னதா இருக்கு. ஆனா நல்ல தடிமன். ஓரம் வட்டமா இல்லையே. நடுவுல மேடா… முகமா இது? எந்த நாட்டுக் காசுங்க?

— இப்போ கண்ணைத் திற.

— இருங்க. இருங்க. இது ரோம் காசு. வெள்ளி.

— அதேதான்.

— நிஜமாவா?

— கல்யாணமான புதுசுலேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்கியே, ஆயுசுல ஒரு ரோம் காசாவது கையில வெச்சுப் பார்க்கணும்னு. வெச்சுப் பாரு.

— வண்டியை வித்துட்டீங்களா?

— வண்டியை வித்துட்டு ஸ்கூல்ல என்ன கத்துக் கொடுக்கறது, நடையா? நாமதான் இத்தனை வருஷமா ஏதோ கோடீஸ்வரன் வாங்கற சமாச்சாரம்னு ஒதுங்கியே இருந்துட்டோம். பழைய காசு விக்கற கடைக்காரம்மா சிரிக்கறாங்க. ரோம்காரன் பட்டாளத்துக்குச் சம்பளம் கொடுத்ததே இந்த வெள்ளிக் காசுலதானாம். மலை மலையா அடிச்சிருக்கான். இன்னும் பானை பானையா மண்ணுக்குள்ளேர்ந்து வருதாம். தேஞ்சது, கோணலா அடிச்சதுன்னு பார்த்து எடுத்தா ஒரு நல்ல ஷூ வாங்கற விலைதான்.

— ஷூ விலைக்கு ரெண்டாயிரம் வருஷமா?

— அதைத்தான் நானும் கேட்டேன்.

— எனக்குக் கீழ வைக்கவே மனசு வரலைங்க. சிரிக்காதீங்க, நிஜமா வரல. எத்தனை நோட்டு இந்தக் கை வழியாப் போயிருக்கும், ஒரு தடவைகூட இப்படி ஆனதில்ல.

— சிரிக்கல. வர்ற வழியில நானே ரெண்டு தடவை வண்டியை ஓரங்கட்டி எடுத்துப் பார்த்தேன். சிக்னல்ல பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சுத் திட்டிட்டுப் போனான்.

— இந்தப் பொம்பளை தலையில தொப்பியா?

— தலைக்கவசம். ரோம் ஊரையே ஒரு தெய்வமா ஆக்கி வெச்சிருந்தாங்களாம், அந்தம்மாதான் இவங்க. திருப்பிப் பாரு, எனக்குப் பிடிச்ச பக்கம் அதுதான்.

— தேரு. நாலு குதிரை. ஐயோ, குதிரையோட கால் நரம்புகூடத் தெரியுது. இத்தனூண்டு இடத்துல எப்படிங்க?

— ஓட்டறவளைப் பாரு. ஒரு கையில சாட்டை, ஒரு கையில கடிவாளம். கண்ணாடி கிடையாது, பிரேக் கிடையாது. என்கிட்ட டெஸ்ட்டுக்கு வந்தா முதல் நாளே ஃபெயில்.

— சும்மா இருங்க. இதை எவனோ ஒரு சிப்பாய் வாங்கி மடியில முடிஞ்சிருப்பான். ஊருக்கு அனுப்பியிருப்பான். அவன் பொண்டாட்டி மளிகை வாங்கியிருப்பா. அந்தக் கை எல்லாம் போயிடுச்சு. இது மட்டும் இருக்கு. பாருங்க, என் கைச்சூடு அதுக்கும் ஏறிடுச்சு.

— ஏன் இன்னிக்கே வாங்கினேன்னு நீ கேக்கலையே.

— கேக்கணுமா? நாளைக்கு மேனேஜர்கிட்ட நான் பதில் சொல்லணும். கவுண்டர்ல இருக்கேனா, உள்ள ரெக்கார்டு ரூமுக்குப் போறேனான்னு. அதுக்கு முன்னாடி என்னைச் சிரிக்க வைக்கப் பார்க்கறீங்க.

— நீ உள்ள போகக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன்.

— சொல்லாதீங்க. நான் முடிவு பண்ணிட்டேன். நோட்டு எண்ணற மெஷின் ரிப்பேர், வரிசை வாசல் வரைக்கும் நிக்குது, என் விரல் போதும்னு நான்தான் பெருமையா சொன்னேன். கையாலயே எண்ணிக் கட்டினேன். அதுக்குள்ள ஒரு கள்ள நோட்டு. மெயின் ஆபீஸ்ல பிரிச்சவன் கண்டுபிடிச்சிருக்கான், என் கண்ணுக்குத் தெரியல. இனி ஒவ்வொரு நோட்டையும் தொடறப்போ சந்தேகம் வரும். அப்படி ஒரு ஆள் கவுண்டர்ல உக்காரக் கூடாதுங்க.

— வாழ்க்கையில ஒரே ஒரு நோட்டு.

— ஒண்ணு தெரிஞ்சிருக்கு. தெரியாம எத்தனை போச்சோ. விடுங்க, காசைப் பார்ப்போம். அந்த லென்ஸை எடுங்க. ஜன்னல்கிட்ட வாங்க, வெளிச்சம் பத்தல.

— இந்தா.

— கன்னத்துல ஏதோ குத்தியிருக்கே. பிறை மாதிரி. கழுத்துல ஒரு புள்ளி வட்டம். குதிரைப் பக்கத்துலயும் ஒண்ணு இருக்கு. யாரு இப்படி அழகைக் கெடுத்தது?

— அதனாலதான் விலை கம்மி. கடைக்காரம்மா அதுக்கு என்னவோ காரணம் சொன்னாங்க. நான் குதிரையைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டேன், காதுல விழல.

— போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.

— ஹலோ, காசுக் கடையா? காலைல வந்தேனே, டிரைவிங் ஸ்கூல்.

— சொல்லுங்க சார். வீட்டம்மாவுக்குப் பிடிச்சுதா? தேய்ச்சுக் கீய்ச்சு வெச்சிடலியே? வாங்கிட்டுப் போறவங்க பாதிப் பேரு பல்பொடி போட்டுப் பளபளன்னு ஆக்கிட்டு வந்து நிக்கறாங்க. அந்தக் கறுப்புதான் சார் அதுக்கு அழகு.

— தேய்க்கலைங்க. நான் அவர் வீட்டுக்காரி பேசறேன். இதுல மூணு இடத்துல குத்தியிருக்கே, அது என்ன?

— பாருங்கம்மா, அது காசு பார்க்கறவங்க வெச்ச குறி. அந்தக் காலத்துல கள்ளக் காசு நிறைய. உள்ள செம்பை வெச்சு மேல வெள்ளித் தகடு சுத்தி அடிச்சுடுவான். அதனால காசைச் சோதிக்கறதுக்குன்னே ஆளு உக்காந்திருப்பாங்க. எடை பார்த்து, தட்டிப் பார்த்து, சரின்னா தன்னோட முத்திரையை ஒரு குத்து குத்தி விடுவாங்க. உங்க காசு மூணு ஊர் தாண்டியிருக்கும், மூணு பேர் கையில போயிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

— மூணு பேர்.

— ஆமாம்மா. ஏன்?

— என்னங்க, கேட்டீங்களா? நான் என்ன பண்றேன் பேங்க்ல? ஒரு கட்டு எண்ணி முடிச்சா, மேல சுத்தற பேப்பர்ல ஒரு சின்னக் கையெழுத்து போடறேனே. நான் பார்த்தேன், இதுக்கு நான் பொறுப்புன்னு. இதே வேலைங்க. இது என் வேலை.

— உன் சீட்டுல உக்காந்திருந்தவங்க.

— ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி. முன்னாடி வரிசை நிக்க, தலை நிமிராம, இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பான். அவன் வெச்ச குறி மேல இப்போ என் விரல் இருக்கு. எனக்குப் புல்லரிக்குதுங்க. பாருங்க கையை.

— அம்மா, லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேங்க. இருங்க… ஒரு நிமிஷம்.

— என்ன ஆச்சு? ஏன் முகம் மாறுது?

— லென்ஸை நல்லாப் பிடிங்க. ஓரத்துல பாருங்க, தேருச் சக்கரத்துக்குக் கீழ. மேல் தோல் கொஞ்சம் உப்பி, விட்டிருக்கு. உள்ள என்ன நிறம்?

— அழுக்கு.

— அழுக்கு இல்ல. சிவப்பு.

— வெளிச்சம் அப்படித் தெரியுதோ என்னவோ.

— செம்புங்க. இது கள்ளக் காசு.

— அம்மா, என்ன சொன்னீங்க? ஓரத்துல சிவப்பாவா? தோல் பேந்திருக்கா?

— ஆமாங்க. ஊசி முனை அளவுதான். ஆனா தெளிவாத் தெரியுது.

— கடவுளே. என் கண்ணுக்குத் தப்பிடுச்சே. நானே எடை போட்டேன், இந்த மாதிரி தேஞ்ச காசு கொஞ்சம் லேசாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்கம்மா. அது அந்தக் காலத்துக் கள்ளக் காசுதான், இப்போ பண்ணினது இல்ல. அதுவும் ரெண்டாயிரம் வருஷம் பழசு. ஆனா நான் வெள்ளின்னு சொல்லி வித்தேன், அது தப்பு. கொண்டு வாங்க, சுத்த வெள்ளியா வேற மாத்தித் தர்றேன்.

— உடனே கொண்டு வர்றேங்க. என்னம்மா இது? இன்னிக்குப் பார்த்து, இவளுக்குப் போய் கள்ளக் காசைக் கொடுத்துட்டேனே. நானே வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சின மாதிரி ஆயிடுச்சு. கொடு இப்படி, இப்பவே போய் மாத்திட்டு வர்றேன்.

— இருங்க.

— கொடுன்னா.

— இருங்கன்னு சொல்றேன் இல்ல. ஏங்க, கடைக்காரம்மா, ஒண்ணு கேக்கறேன். சோதிக்கறவன் இது கள்ளக் காசுன்னு கண்டுபிடிச்சா என்ன பண்ணுவான்?

— நறுக்குன்னு ஒரு வெட்டு வெட்டிடுவாங்கம்மா, மறுபடி யாரும் செலவு பண்ண முடியாதபடி. இல்லேன்னா உருக்கப் போயிடும்.

— இதுல வெட்டு இல்லையே.

— இல்லம்மா.

— குறி வெச்சிருக்கான்னா, நல்ல காசுன்னு சொல்லி விட்டிருக்கான்.

— அப்படித்தான் அர்த்தம்.

— ஒருத்தன் இல்ல. மூணு பேர்.

— ஆமா… மூணு பேர்.

— கேட்டீங்களாங்க? மூணு பேரும் அதே வேலையில ஊறினவங்க. தட்டிப் பார்த்திருக்காங்க, எடை பார்த்திருக்காங்க. நான் பொறுப்புன்னு முத்திரை வெச்சிருக்காங்க. மூணு பேருக்கும் தெரியல.

— உனக்குத் தெரிஞ்சுது.

— தெரிஞ்சுது. இல்ல?

— லென்ஸைக் கையில கொடுத்து அஞ்சு நிமிஷம் ஆகல. கடைக்காரம்மாவே கோட்டை விட்டதை நீ பிடிச்சிட்டே.

— எனக்கு அது பெரிசாத் தோணலைங்க. அந்த மூணு பேரைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். இதை எப்பேர்ப்பட்டவன் பண்ணியிருக்கான் பாருங்க. குதிரை நரம்பு வரைக்கும் செதுக்கி, சாப்பாட்டுக்கு உப்பு மாதிரி அத்தனூண்டு வெள்ளியைப் போர்த்தி… அவன் கை ஒரு பக்கம், இவங்க கண்ணு ஒரு பக்கம். இந்தத் தடவை அவன் ஜெயிச்சுட்டான். அவ்வளவுதான். எத்தனை தடவை இவங்க ஜெயிச்சிருப்பாங்க, அந்தக் காசெல்லாம் உருகிப் போயிடுச்சு, நமக்குத் தெரியவே தெரியாது.

— ஏம்மா, அழறியா?

— அழலைங்க. தாங்க முடியல, அவ்வளவு அதிசயமா இருக்கு. கையில வெச்சுக்கிட்டு நிக்கறேனே.

— அம்மா, நான் கடையில சாயங்காலம் வரைக்கும் இருப்பேன். மாத்திக் கொடுத்துடறேன், வரீங்களா?

— இது என் முதல் காசுங்க, இதை யாருக்கும் தர மாட்டேன். ரெண்டாவது காசு பார்க்க நானே வர்றேன், நாளைக்கு. ஆனா சாயங்காலம்தான் வர முடியும், அது வரைக்கும் கவுண்டரை விட்டு எழுந்திருக்க முடியாது.