புருவம் வைத்த சொல்

விழாவுக்குத் தலைமை தாங்கும் தேர்வுத்துறை அதிகாரி அவர்களே! அவர் சிரித்தால் நாமும் சிரிக்கலாம் என்று காத்திருக்கும் மேடைப் பெரியோர்களே! பெற்ற பிள்ளையோடு பேசுவதற்காகப் பத்து விரலையும் பழக்கிக்கொண்ட தாய்மார்களே! "அம்மாகிட்ட சொல்லு, அவ எனக்குச் சொல்லுவா" என்று இன்றுவரை தப்பித்து வரும் தந்தைமார்களே! என் பேச்சைக் கையில் ஏந்திக் கண்ணுக்குப் பரிமாறும் சைகைமொழித் தங்கையே! முன்வரிசையில் அமர்ந்து இமைக்காமல் பார்க்கும் என் மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என்ன, பின்னால் ஓர் ஐயா கை தூக்குகிறார்? மைக் கேட்கவில்லையா? ஐயா, இது காது கேளாத பிள்ளைகளின் பள்ளி. இங்கே பாதிப் பேர் மைக்கை நம்பி வரவில்லை! தங்கையின் கையைப் பாருங்கள், என் குரலைவிடத் தெளிவாக இருக்கும்.

நான் இங்கே ஆங்கிலம் கற்பிக்கிறேன். அதைச் சொன்னால் போதும், ஊரே ஒரே கேள்வியைக் கேட்கிறது. போன மாதம் பல் வைத்தியர்கூடக் கேட்டார். "காது கேக்காத பிள்ளைக்கு இங்கிலீஷ் எதுக்கு டீச்சர்? யார்கிட்ட பேசப் போவுது?" எப்போது கேட்டார் தெரியுமா? என் வாயைப் பிளந்து உள்ளே கருவியை வைத்துக்கொண்டு கேட்டார்! என்ன ஒரு துணிச்சல்!

இன்று பதில் சொல்கிறேன். மருந்துக் குப்பியில் என்ன மொழி? வேலை விண்ணப்பத்தில் என்ன மொழி? மின்சாரப் பெட்டியில் எழுதிய எச்சரிக்கை என்ன மொழி? பேசினால்தான் மொழியா? படித்தால் மொழியில்லையா? வாய்க்கு மட்டும் வாசலைத் திறந்துவிட்டு, கண்ணுக்குக் கதவடைப்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் சொல்கிறேன். ஆங்கிலத்தில் சில எழுத்துகள் வாயே திறப்பதில்லை. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்ற சொல்லின் தலையில் ஒரு 'கே' வெட்டியாக உட்கார்ந்திருக்கும். கேட்கும் பிள்ளைகள் காதை நம்பி அதை விட்டுவிடுவார்கள். என் பிள்ளைகள் விடவே மாட்டார்கள். ஏன்? அவர்களுக்கு எல்லா எழுத்தும் மௌனம்தான். ஒன்றை மட்டும் ஒதுக்குவானேன்?

ஆனால் எங்களையும் ஒரு சொல் ஆட்டிப் படைத்தது. அளவில் குட்டி, சேட்டையில் கெட்டி. 'இஃப்' என்ற சொல்தான் அது; நம் 'வந்தால்', 'முடித்தால்' என்பதில் வரும் 'ஆல்'. ஆப்பிளைப் படம் போட்டுக் காட்டலாம், ஆட்டைப் படம் போட்டுக் காட்டலாம். இஃப் என்பதை என்ன படம் போட்டுக் காட்டுவது? ஒரு நாள் காலை, "வேலையை முடித்தால் வீட்டுக்குப் போகலாம்" என்று ஆங்கிலத்தில் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். மொத்த வகுப்பும் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டியது! 'முடி', 'வீடு', 'போ' மூன்றும் தெரிந்தன. குட்டிச் சொல்லை ஒருவரும் சட்டை செய்யவில்லை. வாயிலில் காவலாளி கையை விரித்துக்கொண்டு, "டீச்சர்! பள்ளிக்கூடமே காலியாவுது டீச்சர்!" என்று கத்துகிறார். கத்தி என்ன பயன்? கேட்டது எனக்கு மட்டும்தான்!

எல்லோரையும் திரும்ப அழைத்து வந்து, அதே வரியைச் சைகையில் சொன்னேன். எங்கள் சைகைமொழியில் 'இப்படி நடந்தால்' என்பதைக் கையால் மட்டும் சொல்வதில்லை. புருவத்தை உயர்த்தி, ஒரு கணம் நிறுத்தி, அப்புறம்தான் மிச்சத்தைச் சொல்வோம். அப்போது ஒரு மாணவி எழுந்து வந்தாள். கன்னத்தில் குழி விழும், அதனால் கன்னத்தைத் தொட்டுக் காட்டுவதுதான் அவளுடைய சைகைப் பெயர். நாமும் கன்னக்குழி என்றே அழைப்போம். என் கையிலிருந்த சுண்ணக்கட்டியை வாங்கினாள். பலகையிலிருந்த இஃப் என்ற சொல்லின் மேல் இரண்டு புருவம் வரைந்தாள்!

அவ்வளவுதான். வகுப்பு முழுக்கப் புருவங்கள் உயர்ந்தன. நான் வாரக்கணக்கில் முட்டி மோதிய சுவரில், அவள் இரண்டே கோட்டில் வாசல் வைத்துவிட்டாள்.

அதன் பிறகுதான் நம் தலைவர் அவர்கள் ஆங்கில வாசிப்புத் தேர்வு நடத்த வந்தார். ஆம், இதோ அமர்ந்திருக்கும் இவரேதான். சிரிக்கிறார், பாருங்கள்! பெருந்தன்மை! கன்னக்குழியை அழைத்தார். புத்தகத்தை நீட்டினார். "சத்தமா வாசிம்மா" என்றார்.

கை தட்டாதீர்கள், இன்னும் இருக்கிறது.

அவள் சைகையில் வாசித்தாள், நான் குரல் கொடுத்தேன். தலைவர் மறுப்பாகத் தலையசைத்தார். "டீச்சர், குரல் உங்களுது. கதையும் உங்களுதா இருந்தா? நான் எப்படி நம்புறது?" நியாயமான சந்தேகம்தான். "அப்ப நீங்களே சோதிச்சுப் பாருங்க சார்" என்றேன். என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். இந்த வயதில் எனக்கு அந்தத் தண்டனை! பலகையில் அவரே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். சுண்ணக்கட்டி கீச்சிட்டது. அப்புறம் ஓர் அரவமும் இல்லை. சுவரில் இருந்த விரிசல்களை எண்ணினேன். இவள் தோற்றால் ஆங்கில வகுப்பை நிறுத்திவிட்டுத் தையல் வகுப்பைக் கூட்டுவது என்று பேச்சு இருந்தது.

"பாத்தீங்களா டீச்சர்? பொண்ணு அசையவே இல்ல!"

திரும்பினேன். பலகையில் எழுதியிருந்தது இதுதான்: "ஜன்னல் திறந்திருந்தால், அதை மூடு." கன்னக்குழி எழுந்தாள். நேராகப் பலகைக்குப் போனாள். அதிகாரி எழுதிய இஃப் மேல் இரண்டு புருவம் வரைந்தாள். பிறகு கையை நீட்டி ஜன்னலைக் காட்டினாள்.

ஜன்னல் மூடியிருந்தது!

எழுதியவர் ஜன்னலைப் பார்க்கவில்லை, படித்தவள் பார்த்தாள். ஐயா, இருவரில் வாசிக்கத் தெரிந்தவர் யார்?

பாருங்கள், பிள்ளைகள் கைகளை உயர்த்தி ஆட்டுகிறார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். நீங்களும் ஆட்டுங்கள், காசா பணமா?

அன்று ஆங்கில வகுப்பு பிழைத்தது. அதற்குத் தலைவருக்கு நன்றி. ஆனால் மதிப்பெண்? பூஜ்யம்! "எனக்குப் புரியுது டீச்சர். ஆனா விதியில 'உரக்க'ன்னு போட்டிருக்கே" என்றார். விதிக்கும் காது கேட்கவில்லை; அதற்கு யார் சைகை கற்றுக்கொடுப்பது?

மறுநாள் கன்னக்குழியின் அம்மா தலைவருடைய அலுவலகத்துக்கே போனார். அந்த அம்மா தையல்காரர். "சார், சட்டை சரியா இருக்கான்னு போட்டுத்தான பாக்கணும்? நீங்க அதைக் காதுல வெச்சுக் கேட்டுட்டு, சரியில்லைங்கறீங்களே!" என்றார். அதிகாரி மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். மேலிடம் பதில் எழுதியது: உள்ளூர்த் தேர்வு விதியை மாற்றும் அதிகாரம் உள்ளூர் அதிகாரிக்கே உண்டு என்று. பந்து சுற்றிச் சுற்றி அவர் மடியிலேயே விழுந்தது!

ஐயா, தலைவர் அவர்களே! இந்த அவை முன்னால் கேட்கிறேன். 'உரக்க வாசித்தல்' என்பதை 'புரிந்து வாசித்தல்' என்று மாற்றுவீர்களா? ஒரே ஒரு சொல்தான் ஐயா! என்ன சொல்கிறீர்கள்?

"பார்ப்போம்" என்கிறார்!

சிரிக்காதீர்கள். அதிகாரிகள் 'பார்ப்போம்' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் தங்கை அதை எப்படிச் சைகையாக்கினாள், கவனித்தீர்களா? இரண்டு விரலைக் கண்ணுக்கு நேரே வைத்து, அப்படியே முன்னால் நீட்டினாள். முன்வரிசையில் அத்தனை கண்களும் இப்போது தலைவர் மேல்தான் இருக்கின்றன. பார்ப்பதில் இவர்களை வெல்ல ஆள் கிடையாது, ஐயா. நீங்கள் பார்க்கும் வரை இவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்!

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுப்போடு பார்த்தவர்களுக்கும் என் நன்றி. கை ஓய்ந்த தங்கைக்கு யாராவது தண்ணீர் கொடுங்கள். வணக்கம்!