சாரல் பட்ட கை

தென்காசியில் சீசன் தொடங்கிவிட்டால் என் மருத்துவமனையில் கூட்டம் குறைந்துவிடும். கை கால் வலி உள்ளவர்கள்கூட அருவியில் நின்றால் சரியாகும் என்று குற்றாலத்துக்குப் போய்விடுவார்கள். நான் யாரையும் தடுத்ததில்லை.

ஆனந்தவள்ளி சீசனுக்கு முன்பே, மே மாதம் வந்தார். ஐந்தருவிப் பக்கம் வீடு. பீடி சுற்றிச் சுற்றி வலது மணிக்கட்டில் நரம்பு நசுங்கி, விரல்கள் மரத்திருந்தன. நரம்பை அழுத்தும் தசைநாரை வெட்டிவிட்டால் போதும். இருபது நிமிட வேலை.

இன்ஸ்பெக்டர், அப்போது நான் நாள்பட்ட வலியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். எலியின் கால் நரம்பில் நூலால் நான்கு முடிச்சுகள் தளர்வாகப் போட்டால், புண் ஆறிய பிறகும் வலி நீடிக்கும். மெல்லத் தொட்டால்கூட நரம்பு அதை வலியென்று மூளைக்குச் சொல்லும். ஆனால் எலியிடம் எப்படி வலிக்கிறது என்று கேட்க முடியாது. ஆனந்தவள்ளி நன்றாகப் பேசுவார்.

தசைநாரை வெட்டினேன். பிறகு நரம்பில் நான்கு முடிச்சுகள் போட்டேன். எலிகளுக்குக் கரையும் நூல்தான் வழக்கம். இவருக்குக் கரையாத பட்டு நூல். நீண்ட காலம் கவனிக்க வேண்டியிருந்தது.

ஜூனில் கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு வந்தார். "சாரல் பட்டாலே தீயில வச்ச மாதிரி எரியுது சார். சேலை ஒரசுனாக்கூட தாங்க முடியல." சொல் மாறாமல் எழுதிக்கொண்டேன். கணவர் பாண்டிராஜ், "காயந்தான் ஆறிட்டுல்லா. வேலைக்குப் பயந்து நடிக்குதா இவ" என்றார். இது நடிப்பல்ல என்று அவருக்கு அரைமணி நேரம் விளக்கினேன். ஆனந்தவள்ளி அழுதார்.

பதினான்கு மாதம் தவறாமல் வந்தார். வலி மாத்திரை கேட்டார். கொடுத்தால் ஆய்வு கெடும் என்பதால் சத்து மாத்திரை கொடுத்தேன். பீடித் தட்டைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். சோறு இடக்கையால்தான். கடைசியாக வந்தபோது, "கையை எடுத்துருங்க சார், நான் கையெழுத்துப் போடுதேன்" என்றார். இன்னும் ஆறு மாதம் பொறுக்கச் சொன்னேன்.

அவர் பொறுக்கவில்லை. திருநெல்வேலியில் வேறொரு மருத்துவர் திறந்து பார்த்து, முடிச்சுகள் சம இடைவெளியில் இருந்ததாக எழுதியிருக்கிறார். அது சரி. அவிழ்த்த பிறகும் எரிச்சல் போகவில்லை என்கிறீர்கள். போகாது. என் கணிப்பும் அதுதான்.

எல்லாம் நான் செய்ததுதான், மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். அவர் வீட்டில் ஒருவரும் அந்த வலியை நம்பவில்லை. ஒரு நாளும் சந்தேகப்படாமல் அவர் பக்கம் நின்றவன் நான்.