இந்த வருடத்தின் முதல் பாட்டு

ஒவ்வொரு மார்கழியும் அந்த வருடம் எனக்குப் பிடித்த பத்துப் பாடல்களை வரிசைப்படுத்தி முகநூலில் போடுவது என் பழக்கம். கனடாவில் இருப்பவர்கள்கூட அழைப்பெடுத்து, “சிவகரன், பட்டியல் எப்ப வரும்?” என்று கேட்பார்கள். முகத்துக்காக ஒரு பாட்டையும் நான் அதில் சேர்த்ததில்லை. என் ஸ்டூடியோவில் பதிந்த பாட்டென்றாலும் அதே அளவுகோல்தான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

ஸ்டூடியோ கொக்குவிலில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரயில் வந்தால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். நிவேதனா அங்கே முதலில் பாடியது மூன்று வருடத்துக்கு முன். அவளுக்கு நிச்சயம் செய்திருந்த கஜீபன் லண்டனுக்குப் போய் வேறு பெண்ணைக் கட்டிவிட்டான் என்று செய்தி வந்த கிழமை அது. ஒரே மூச்சில் பாடி முடித்தாள். ஹெட்போனைக் கழற்றாமல் இருந்து அழுதேன். அந்த வருடம் அவளுக்குத்தான் முதலிடம். மினிபஸ்களில் எல்லாம் அந்தப் பாட்டுத்தான்.

அடுத்த வருடமும் வந்து பாடினாள். சுருதியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் சிரித்துக்கொண்டு பாடினாள். ஒன்பதாம் இடம் கொடுத்தேன், அதுவும் இரக்கப்பட்டு. விசாரித்தால், கனடா மாப்பிள்ளை ஒருவருடன் கலியாணப் பேச்சுக்கால் நடக்கிறதாம்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசும்போது மொட்டைக்கடிதம் வருவது புதினமில்லை. பெயர் போடாமல் நாலு வரி எழுதினால் போதும். கொஞ்ச நாள் ஊர் கதைக்கும், பிறகு மறந்துவிடும். தை மாதம் நான் எழுதினேன். பழைய நிச்சயதார்த்தத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான். சம்பந்தம் குழம்பியது. பங்குனியில் அவள் என்னிடம் வந்தாள்.

“அண்ணை, ஆர் எங்களுக்கு இப்பிடிச் செய்யினம்?”

“அதை யோசியாதை தங்கச்சி. பாட்டுக்குள்ளை போடு.”

போட்டாள். அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு எத்தனை பேர் எனக்கு எழுதினார்கள் தெரியுமா. முதலிடத்துக்கு வேறெதையும் நினைக்கக்கூட முடியவில்லை. எனக்கு மனம் உறுத்தவில்லை என்று நினைக்க வேண்டாம். உறுத்தியது. ஆனால் பாட்டைத் திரும்பக் கேட்கும்போதெல்லாம் ஆறிவிட்டது.

இந்த வருடம் அவளுக்குச் சாவகச்சேரியில் ஒரு வாத்தியாரைப் பேசினார்கள். ஆவணியில் நாள் வைத்தாயிற்று. சித்திரையில் பாட வந்தவள் ரயில் போகட்டும் என்று காத்திருந்த நேரம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மைக்கில் சொன்னாள்:

“அண்ணை, சின்னனிலை எனக்கு வலிப்பு வந்தது. இப்ப ஒண்டும் இல்லை. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், அப்பாவுக்குக்கூடத் தெரியாது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. அவரிட்டை நானே சொல்லுவன்.”

ரயில் போனது. அவள் பாடினாள், மனப்பாரம் இறங்கியவளின் குரலில். அது பத்துக்குள்ளேயே வராது.

இரண்டாவது கடிதத்தைக் கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது போட்டேன். மாப்பிள்ளை வீட்டார் நிற்பாட்டிவிட்டார்கள். அவளுடைய தகப்பன் சண்முகநாதன் ஐயா கலியாணக் கார்ட்டை ஆட்களிடம் கொடுத்தனுப்புகிற மனிதரல்ல. வீடு வீடாகச் சைக்கிளில் போய் அழைத்தவர். அதே வீடுகளுக்குத் திரும்பப் போய், வரவேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்கும் வந்தார். “மன்னிச்சுக்கொள்ளும் தம்பி,” என்றார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன், இன்னும் பதினேழு வீடு இருக்கென்று சொல்லிவிட்டார். அப்படிப் போனவர் ரயில் கடவையடியில் நெஞ்சைப் பிடித்தபடி சைக்கிளோடு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது. அதை நான் நினைத்திருக்கவில்லை. உண்மையாகவே நினைத்திருக்கவில்லை.

செத்தவீட்டுக்கு ஒலிபெருக்கி கட்டியது நான்தான். கிரியையில் சுண்ணம் இடித்துத் திருவாசகம் பாடும் நேரம் மைக் அவள் இருந்த பக்கம் பார்த்தபடி இருந்தது. அப்படித் திருப்பி வைத்ததும் நான்தான். “அப்பா, எழும்புங்கோ அப்பா. எனக்கு ஒரு கலியாணமும் வேண்டாம்,” என்றாள். இரண்டு நிமிடம் நாற்பது செக்கன். எல்லாம் பதிவாகியிருக்கிறது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். கதவடியிலேயே நின்றாள்.

“அம்மாவுக்கும் எனக்கும் உங்களுக்கும்தானே அண்ணை தெரியும்.”

அவள் சத்தம் போடவில்லை, அழவில்லை. அந்தக் குரலில் ஒன்றுமே இருக்கவில்லை. கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீர் மாதிரி இருந்தது. அதன்பிறகு அவள் பாடவில்லையாம். மூன்று மாதமாக அதை நினைத்துத்தான் எனக்கு நித்திரை இல்லை ஐயா.

உங்கள் மேசையில் இருக்கும் இரண்டு கடிதங்களும் என் கைதான், இடக்கையால் எழுதியவை. வாக்குமூலத்தில் எங்கே கையொப்பம் வைக்க வேண்டும் என்று காட்டுங்கள். என் போனில் இந்த வருடப் பட்டியல் இருக்கிறது. இன்னும் போடவில்லை. இரண்டிலிருந்து பத்துவரை வழக்கமான பாடல்கள். முதலாவதை, அந்த இரண்டு நிமிடம் நாற்பது செக்கனை மட்டும் எடுத்து அவளுக்கு அனுப்பிவிடுங்கள். தன் குரல் எவ்வளவு தூரம் போகக்கூடியது என்று அவள் ஒருநாளும் அறிந்ததில்லை. கேட்டாளென்றால், நான் ஏன் செய்தேன் என்று அவளுக்கே விளங்கிவிடும்.